கல்தூசுக்கு 3எம் 6200 மாஸ்க், 2091 ஃபில்டருடன்: வாங்கலாமா?

பர்கூர், வேப்பனப்பள்ளி தொடங்கி எல்லை தாண்டிக் குப்பம் வரை கிரானைட் பட்டறைகளில் கிரைண்டர் பிடிக்கும் பலர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் தூசை அது ஓரளவு நிறுத்தும். ஆளைச் சாய்ப்பது கண்ணுக்குத் தெரியாத குவார்ட்ஸ் (கிரானைட்டில் இருக்கும் கனிமம்) தூள்.

அது போய் உட்காரும் இடம் நுரையீரலின் காற்றுப்பைகள். பைச்சுவரில் சுமார் 95 சதவீதப் பரப்பை மூடியிருப்பவை மிக மெல்லிய முதல் வகைச் செல்கள். அவை அடிபட்டால், பக்கத்தில் இருக்கும் இரண்டாம் வகைச் செல்கள் பெருகி, தட்டையாகி, அந்த இடத்தை அடைக்கின்றன. பை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபேக்டன்ட்டைச் சுரப்பதும் அவையே. நிமோனியா வந்த நுரையீரல் பெரும்பாலும் தேறிவிடுவது இதனால்தான். கல்தூசில் இந்தப் பழுதுபார்ப்பு தோற்றுப்போகிறது. துகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லால் அதைச் செரிக்க முடியாது. அந்தச் செல் உள்ளே கிழிபட்டுச் சாகிறது. வெளியே விழுந்த அதே துகளை அடுத்த செல் விழுங்குகிறது. அழற்சி அடங்குவதே இல்லை. நார் செய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நாரைக் கொட்டிக்கொண்டே போக, மெல்லிய சுவர் தழும்பாகக் கெட்டிப்படுகிறது. இதுதான் சிலிகோசிஸ். அந்தத் தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது. காசநோய் பிடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

அதனால் தூசை வாசலிலேயே நிறுத்தும் மாஸ்க்குக்குத்தான் மதிப்பு. மூக்கையும் வாயையும் மூடி, இரு பக்கமும் ஃபில்டர் மாட்டும் இந்த மாஸ்க்கில் 6200 நடுத்தர அளவு. சிறிய முகத்துக்கு 6100, பெரிய முகத்துக்கு 6300. இளஞ்சிவப்பு வட்டமான 2091 ஃபில்டர் 99.97 சதவீதத் துகளைப் பிடிக்கும். ஆனால் விளிம்புக் கசிவையும் சேர்த்தால், வெளியே உள்ள தூசில் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரலாம் என்றே கணக்கு வைக்க வேண்டும். தண்ணீர் விடாமல் அறுக்கும் இடத்தில் இதை மட்டும் நம்புவது தவறு.

ஒவ்வொரு முறை மாட்டியதும் இரண்டு ஃபில்டரின் நடுவிலும் கட்டைவிரலை அழுத்தி மூச்சை மெதுவாக இழுங்கள். மாஸ்க் லேசாகக் குழிந்து அப்படியே நிற்க வேண்டும். கன்னத்தில் காற்று சீறினால் வாரை இறுக்குங்கள். ஒரு நாள் தாடி இருந்தாலே கசியும், சவரம் கட்டாயம்.

கோளாறு அதிகம் வருவது, விடும் மூச்சு வெளியேறும் முன்பக்க வால்வில். கல்சேறு படிந்து ரப்பர் இதழ் மடங்கினால், இழுக்கும் மூச்சு ஃபில்டரை விட்டு அந்த வழியாக வரும். தினமும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டரைப் பிரித்துவிட்டு முகப்பகுதியை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். ஃபில்டரைக் கழுவவோ கம்ப்ரஸரால் ஊதவோ கூடாது. மூச்சிழுக்கக் கனமானாலே மாற்றிவிடுங்கள். எபாக்ஸி, தின்னர் ஆவியை 2091 தடுக்காது. அதற்குத் தனி கார்ட்ரிட்ஜ் வேண்டும்.

வெயில் காலத்தில் உள்ளே வியர்க்கும், பேச்சும் அமுங்கும். அதற்காக இடையில் இறக்கிவிட்டால் வாங்கிய பயனே போய்விடும். வேலை முடிந்ததும் சட்டையை ஈரத்துணியால் துடைத்த பிறகே மாஸ்க்கைக் கழற்றி, மூடிய பையில் வையுங்கள். கிரைண்டர் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டால், மறுநாள் முதல் மூச்சிலேயே உட்புறம் படிந்த தூசு உள்ளே போகும்.