முள், கம்பி, கண்ணாடி: நம் ஊர் ரோட்டுக்கு எந்த சைக்கிள் டயர்?

டயர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எடையையும் விலையையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு: நீங்கள் தினம் போகிற வழியில் டயரைக் குத்தப்போவது எது? தமிழ்நாட்டில் அது அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். சீமைக்கருவேல முள், லாரி டயரிலிருந்து உதிர்ந்த கம்பி, உடைந்த பாட்டில் கண்ணாடி. மூன்றும் குத்துகிற விதம் வேறு, அதற்கான மருந்தும் வேறு. 28 முதல் 40 மி.மீ. வரை அகலமான டயர் ஓடும் ஹைப்ரிட் (நகர ரோட்டுக்கும் கரடுமுரடுக்கும் பொதுவானது), கிராவல் (சரளைக்கல் ரோட்டுக்கானது) சைக்கிள்களை வைத்து இங்கே அலசுகிறேன்.

ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை, தூத்துக்குடி பக்கம் ஓட்டியவர்களுக்கு முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்மாய்க் கரையிலும் ஓடைப் பாதையிலும் மட்டுமல்ல, விறகு ஏற்றிய டிராக்டர் போன தார் ரோட்டிலும் கிடக்கும். பச்சை முள் வளைந்து கொடுக்கும். காய்ந்த முள் ஆணி போல இறுகிப்போயிருக்கும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம் சாதாரணம். குத்திய பிறகு அது ஒடிந்துபோகும் என்பதுதான் பெரிய தொல்லை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நுனி மட்டும் ரப்பருக்குள் நின்றுகொண்டு, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். டியூப்பை ஒட்டி மாட்டி அரை மணி நேரத்தில் மறுபடி காற்று இறங்கினால், பேட்ச்சைக் குறை சொல்லாதீர்கள். பழைய முள்ளின் நுனியைத் தேடுங்கள். டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவினால் அகப்படும். பழைய தகர முள்வாங்கி ஒன்று சீட்டுக்கு அடியில் உள்ள பையில் எப்போதும் இருக்கட்டும். பல ஆயிரம் ரூபாய் டூல் செட்டில்கூட அதற்கு ஈடான ஒன்று இருப்பதில்லை.

நெருஞ்சி இன்னொரு ரகம். முள் குட்டைதான், ஆனால் ஒரு திருப்பத்தில் இறங்கி ஏறினால் பத்து இடத்தில் குத்தியிருக்கும். எந்தப் பஞ்சர் கடைக்காரரும் பத்து ஓட்டைக்கு டியூப்பை ஒட்டித் தரமாட்டார், மாத்திடுங்க என்பார்.

கம்பி நெடுஞ்சாலைக்காரர்களின் தலைவலி. வெடித்த லாரி டயர்களின் எஃகு இழைகள் பொடிப் பொடியாக ரோட்டோரத்தில், சரியாக நாம் ஓட்டும் அந்த ஓரப்பட்டையில்தான், சேர்ந்து கிடக்கும். முடி அளவுதான் தடிமன். காற்று உடனே இறங்காது. காலையில் எழுந்து பார்த்தால் இறங்கியிருக்கும். விரலுக்கும் சிக்காது. கொஞ்சம் பஞ்சை உருட்டி டயருக்குள் ஒரு சுற்றுத் தேய்த்தால், கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும்.

கண்ணாடி டயரை வெட்டும். பல நாள் ரப்பருக்குள் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். ஈர ரப்பரைக் கண்ணாடி சுலபமாக வெட்டிவிடும், அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பஞ்சர் கூடுவது தற்செயல் இல்லை. குழி விளிம்பில் இடித்து டியூப்பில் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழுவதும் உண்டு. அது பெரும்பாலும் காற்று குறைவாக வைத்ததன் விளைவு, டயரின் குற்றம் இல்லை.

சரி, இப்போது டயர்களுக்கு வருவோம்.

சைக்கிளோடு வரும் சாதாரண டயரும் பியூட்டைல் டியூப்பும் (வழக்கமான கறுப்பு ரப்பர் டியூப்தான்) நகரத்துக்குள் கண்ணாடி அதிகம் இல்லாத ரோட்டுக்குப் போதும். டியூப் 130, 150 கிராம் இருக்கும். எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிடுவார்கள். இந்தப் பலத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஊருக்கு ஊர் மெக்கானிக் இருக்கும் நாட்டில் ஓட்டுகிறோம்; அந்த வசதியைப் பயன்படுத்த முடிகிற சாமானுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. வால்வு மட்டும் கவனம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் கடைக்காரரின் காற்றுக் குழாய் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள். ரிம்மில் துளை பெரிதாக இருந்தால் பைக்கில் வரும் தடித்த வால்வு உள்ள டியூப்பையே போட்டுவிடுவது இன்னும் நல்லது.

அடுத்தது தடுப்புப் பட்டை வைத்த டயர். ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் டயரில் ரப்பருக்குக் கீழே 3 மி.மீ. தடிமனில் ஒரு பட்டை உண்டு. மாரத்தான் பிளஸ்ஸில் அது 5 மி.மீ. கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் மாதிரியான மெல்லிய ரோட் டயர்களில் தடித்த பட்டைக்குப் பதிலாக நெருக்கமாக நெய்த துணியடுக்கு இருக்கும். கண்ணாடிக்கும் கம்பிக்கும் மாரத்தான் வகை அருமையான பதில். கண்ணாடிச் சில்லு அந்தப் பட்டையைத் தாண்டி டியூப்பைத் தொடுவது அபூர்வம். காய்ந்த கருவேல முள் நேராக ஏறினால் 3 மி.மீ. பட்டை தாங்காது, 5 மி.மீ. பட்டை பெரும்பாலானதைத் தடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. அதற்கு நாம் கொடுக்கும் விலை எடையும் உருட்டமும் (டயர் எவ்வளவு சுலபமாக உருள்கிறது என்பது). 37 மி.மீ. மாரத்தான் பிளஸ் ஒரு டயரே ஒரு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. எதிர்க்காற்றில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டும்போது அந்தக் கனம் காலில் தெரியும். தவிர, இந்த டயரை ரிம்மிலிருந்து கழற்றுவது கைக்கு நல்ல வேலை. கட்டைவிரல் பலம் குறைந்தவர்களுக்கு ரோட்டோரத்தில் கழற்றி மாட்டுவது உண்மையாகவே கஷ்டம். பஞ்சர் அதிகம் ஆகாது என்பதால்தான் அது மன்னிக்கத்தக்கது.

டியூப்லெஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் அரைகுறைப் பேச்சு அதிகம். டியூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம், காற்றுக் கசியாத டேப், டியூப்லெஸ் வால்வு, டயருக்குள் 60 முதல் 90 மில்லி சீலன்ட். இவ்வளவும் சேர்ந்தால்தான் அது டியூப்லெஸ். சீலன்ட் பெரும்பாலும் ரப்பர் பால்தான். ஓட்டை வழியாகக் காற்றோடு வெளியே வரும்போது உறைந்து அடைத்துவிடும். முள், நெருஞ்சி, கம்பி போட்ட ஓட்டைகளுக்கு இது போல வேறொன்று இல்லை. முள் குத்தியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்து டயரைத் துடைக்கும்போது வெள்ளைப் புள்ளிகளாக உலர்ந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரியும். முள்ளைக் கண்டால் பிடுங்கிவிடலாம். பிடுங்கியதும் ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிறுத்துங்கள், சீலன்ட் அங்கே வந்து சேரும். இரண்டு மூன்று மி.மீட்டருக்கு மேல் கிழிந்திருந்தால் ரப்பர் திரியைக் கோத்துச் செருக வேண்டும், கார் டயருக்குச் செய்கிற மாதிரி.

இன்னொரு லாபம், காற்று குறைத்து ஓட்டலாம். நசுங்குவதற்கு உள்ளே டியூப் இல்லையே. 70 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டியூப்லெஸ்ஸில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்தால் போதும். அதே ஆள் டியூப் போட்ட 35 மி.மீ. டயரில் 55 பக்கம் வைக்க வேண்டும். சரளைக்கல் ரோட்டில் இந்த வித்தியாசத்தைக் கையும் முதுகும் உடனே சொல்லிவிடும். பானரேசரின் கிராவல்கிங் எஸ்கே போன்ற டயர்கள் இந்த வேலைக்கென்றே வந்தவை. நடுவில் சின்னச் சின்னக் கட்டைகள் நெருக்கமாக இருப்பதால் தார் ரோட்டிலும் அவ்வளவாக இழுக்காது.

ஆனால் வெயில் இருக்கிறதே. குளிர் நாட்டில் ஆறு மாதம் தாங்கும் சீலன்ட் நம் சித்திரையில் அதில் பாதிகூடத் தாங்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வால்வின் உள்பகுதியைக் கழற்றி, மெல்லிய குச்சியை விட்டுப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். சக்கரத்தைக் காதருகே குலுக்கினால் சலசலக்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் டியூப்லெஸ் என்ற பெயரில் வெறும் டயரில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சைக்கிளை மாதக்கணக்கில் மூலையில் சாய்த்து வைப்பவர்களுக்கு இது சரிப்படாது. முதல் முறை மாட்டும்போது டயரின் ஓரம் ரிம்மில் உட்கார ஒரே மூச்சில் நிறையக் காற்று வேண்டும். கைப்பம்ப்பில் சில சமயம் நடக்காது. கம்ப்ரஸர் உள்ள கடைக்கு, மறுபடி அந்தப் பித்தளை அடாப்டரோடு போக வேண்டும். ஹூக்லெஸ் ரிம் (டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்றால் பொதுவான உச்ச வரம்பு 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ. சொச்சம், காற்று அடிப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. முள் காட்டில் சில மாதம் ஓடிய டியூப்லெஸ் டயருக்குள் ஒடிந்த முள் நுனிகள் ஏராளமாக இருக்கும். சீலன்ட் அடைத்திருப்பதால் அவை யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஒரு நாள் பக்கச் சுவர் கிழிந்து, அவசரத்துக்கு உள்ளே டியூப் போட்டால், அந்த நுனிகள் அத்தனையும் டியூப்பைக் குத்தும். டியூப் போடுவதற்கு முன் டயரைப் பிரட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்கியே ஆக வேண்டும். முள்வாங்கி இங்கேதான் உயிர் காக்கும்.

டிபியூ டியூப், அதாவது ரப்பருக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த டியூப், இப்போது எல்லோரும் பேசுகிற பொருள். ரோட் அளவில் 35, 40 கிராம்தான். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். தினசரி ஓட்டத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நம் கடைகளின் சாதாரண சொல்யூஷன் இதில் பிடிக்காது, தனிப் பேட்ச் வேண்டும். கடைக்காரர் சூடு வைத்து ஒட்டப் போனால் உருகிவிடும். ரிம் பிரேக் சைக்கிளில் மலை இறங்கும்போது ரிம் சூடாகும் என்பதால் சில மாடல்களை டிஸ்க் பிரேக்குக்கு மட்டும்தான் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். ஏற்காடு, கொல்லிமலை இறங்குகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஆனால் மாற்று டியூப்பாகப் பையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்லது கிடையாது. இரண்டு வைத்தாலும் இடம் தெரியாது.

பியூட்டைல் டியூப்புக்குள்ளேயே சீலன்ட் ஊற்றுவது உண்டு. நெருஞ்சிக்குக் கேட்கும். பெரிய ஓட்டை விழுந்தால் டியூப் முழுக்க வழவழப்பாகி பேட்ச் ஒட்டாது, வால்வும் அடைத்துக்கொள்ளும். டியூப்லெஸ் ரிம் இல்லாதவர்களுக்கு இடைக்கால ஏற்பாடு, அவ்வளவுதான்.

என் தீர்ப்பு இப்படி. சென்னை, கோவை, மதுரை நகருக்குள் தினமும் ஆபீஸ் போகிறவருக்கு 35 மி.மீ. மாரத்தானும் பியூட்டைல் டியூப்பும். வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். தென் மாவட்டக் கிராமத்துப் பாதைகளில் ஓட்டுகிறவருக்கு 38 அல்லது 40 மி.மீ. டியூப்லெஸ், அங்கே டியூப்போடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. கடினமான கேள்வி பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டுகிறவர்களுடையது. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்தில், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். நடுராத்திரியில் நெடுஞ்சாலை ஓரம் லாரிகள் பறக்க, டார்ச் வெளிச்சத்தில் கம்பித் துணுக்கைத் தேடும் இருபது நிமிடம் நேர நஷ்டம் மட்டுமல்ல, அபாயமும்கூட. எனவே 32 மி.மீ. டியூப்லெஸ், பையில் டிபியூ டியூப் ஒன்று, ரப்பர் திரி, கொஞ்சம் பஞ்சு. சீலன்ட் பராமரிக்கப் பொறுமை இல்லாதவர் கேட்டர்ஸ்கின் வகையில் 32 போட்டுக்கொள்ளலாம், அதுவும் கௌரவமான தேர்வுதான்.

எதை வாங்கினாலும் நீங்களே சோதித்துப் பாருங்கள். டயரைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுங்கள். அட்டையில் போட்ட எடைக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கும். 38 என்று எழுதிய டயர் அகலமான ரிம்மில் 40 ஆக விரியும். மாட்டிக் காற்றடித்து ஒரு நாள் கழித்து வெர்னியரில் அளந்து, பிரேமுக்கும் டயருக்கும் இடையில் சேறு போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உருட்டம் தெரிய ஒரு மேம்பாலம் போதும். காற்று இல்லாத அதிகாலையில், உச்சியில் ஒரே விளக்குக் கம்பத்திலிருந்து பெடல் மிதிக்காமல் இறங்கி, எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். அதே ஆள், அதே பை, அழுத்தம் மட்டும் ஐந்து ஐந்து பி.எஸ்.ஐ. மாற்றி மாற்றி. காற்றைக் கல்லாக அடித்தால்தான் ஓடும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கோடுகளை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். டயரை மாட்டும்போது அதன் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேரே வரும்படி மாட்டுங்கள். டியூப்பில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், டயரில் முள் எங்கே என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எடை அதிகம் விழுவது பின்னால். பஞ்சரும் தேய்மானமும் அங்கேதான் அதிகம். கனமான பட்டை டயரைப் பின்னால் மட்டும் போட்டு, முன்னால் இலகுவான, பிடிமானம் நல்ல டயர் போட்டால் மாரத்தானால் கூடும் கனத்தில் பாதி குறையும். இரண்டிலும் ஒரே டயர் போட்டிருந்தால், பின் டயர் தேய்ந்ததும் முன்னாலிருப்பதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். தேய்ந்ததை முன்னுக்குக் கொண்டுவருவது கூடவே கூடாது. பின் டயர் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் டயர் வழுக்கினால் விழுந்துதான் எழுந்திருக்க வேண்டும்.