ரி.சி.எம். மாற்றி இரண்டு ஆண்டுகள் ஓடிய பின்

புதுக்குடியிருப்பில் இருக்கும் நண்பர் ஒருவர் போன கிழமை தொலைபேசியில் அழைத்து, என்னுடையதைப் போன்ற ஓட்டோ கியர் (தானாகக் கியர் மாறும்) டபிள் கெப் வாகனம் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், ரி.சி.எம். எனப்படும் கியர்க் கணினி மாற்றிய வாகனம் என்று உரிமையாளரே ஒளிக்காமல் சொன்னதாகவும் கூறி, வாங்கலாமா என்று கேட்டார். "பார்த்து வாங்குங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது ஒரு பதிலாகாது என்பதால் இதை எழுதுகிறேன். இயந்திர வலுவும் சுமையும் டீசல் செலவும் அவருக்குத் தெரிந்தவையே. நான் சொல்ல வேண்டியது கியர்ப் பெட்டியை ஆளுகின்ற அந்தச் சிறிய கணினிப் பெட்டியைப் பற்றி மட்டுந்தான்.

2023 ஆவணியில், சிறுபோக நெல் மாதிரிகளுடன் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வழியாகக் கிளிநொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். முறிகண்டியில் எல்லோரையும் போல நிறுத்திப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் பையுடன் திரும்பி வந்து வாகனத்தை எடுத்தபோது, அது பாறாங்கல்லை இழுப்பதுபோல நகர்ந்தது, கியர் மாறவேயில்லை, மஞ்சள் விளக்கு எரிந்தது. உழவு இயந்திரத்துடன் வந்த ஒருவர் கயிறு கட்டி இழுத்து விடுவதாக அன்போடு சொன்னார். நல்லவேளையாக நான் மறுத்தேன். ஓட்டோ கியர்ப் பெட்டியின் எண்ணெய்ப் பம்பை இயந்திரமே சுழற்றுகிறது. இயந்திரம் நின்றிருக்கப் பின்சில்லுகளை நிலத்தில் உருளவிட்டு இழுத்தால் உள்ளே எண்ணெய் ஓடாது, கிளச்சுகள் கருகிவிடும். ஒரே கியரில் ஊர்ந்தே கிளிநொச்சி சேர்ந்தேன். மாலையில் வெயில் தணிந்ததும் ஒன்றும் நடவாததுபோல அது ஓடியது.

முதற் கராச்சில் கியர்ப் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இரண்டாவதில் வேக உணரியை மாற்றிக் காசு வாங்கினார்கள். இருவரும் வாகனத்தைப் பார்த்தது காலை வேளையில், மர நிழலில். அது சுகமாக இருந்த நேரத்தில்.

மூன்றாவதாகப் பார்த்த வயரிங் வேலைக்காரத் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரித்து எழுதினால் தவறில்லை. வாகனக் கணினிகளின் பிழைகளை வாசிக்கும் ஸ்கானரில் இரண்டு குறியீடுகள் வந்தன. பி 0700 என்பது கியர்ப் பகுதியில் ஏதோ பிழை என்று மட்டுமே சொல்வது. யு 0101 என்பது மற்றைய கணினிகளுக்கு ரி.சி.எம். இன் குரல் கேட்கவில்லை என்று சொல்வது. அதைக் கண்டவுடனே அவர் ரி.சி.எம். பெட்டியைக் குற்றம் சொல்லவில்லை. பற்றரியைக் கழற்றிவிட்டு, கணினிகள் பேசிக்கொள்ளும் முறுக்கு வயர்கள் இரண்டுக்கும் இடையே தடையை அளந்தார். இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும், காட்டியது. பின்னர் பியூசையும், பெட்டிக்கு வரும் மின் அழுத்தத்தையும் பார்த்து, கடைசியில் ஏர்த் வயரின் ஆணியைத் தேடிப் பிடித்தார். செம்மண் சேறு காய்ந்து அது துருவேறிக் கிடந்தது. அதைச் சுரண்டிப் பூட்டியதும் இரண்டு கிழமை ஒரு குறையுமில்லை. அந்த இரண்டு கிழமையும் நான் அவரைப் புகழாத இடமில்லை. பிறகு பழையபடி மத்தியான வெயிலில் படுத்துவிட்டது.

இரண்டாம் முறை போனபோது அவர் பக்கத்துச் சலூனில் தலைமயிர் உலர்த்தும் கருவியை இரவல் வாங்கி வந்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, ரி.சி.எம். இன் மேல் சூடான காற்றைப் பிடித்தார். சில நிமிடங்களில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "அண்ணை, சூடு ஏறினாத்தான் இது குழம்புது" என்றார். கழற்றித் திறந்தபோது, சொக்கெற்றின் ஒரு காலைச் சுற்றியிருந்த ஈயப்பற்றில் மயிரிழை போன்ற வட்ட வெடிப்பு தெரிந்தது. சூட்டில் விரிந்து தொடுகை விடுபடுவதும், குளிரச் சேர்ந்துகொள்வதும் அந்த வெடிப்பின் வேலை. மறுபடி பற்றவைத்தது இருபது நாள் தாங்கியது. அதன்பின் மாற்றுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

அதே இலக்கமுடைய பழைய ரி.சி.எம். ஒன்றைக் கொழும்பில், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுத்தோம். முதற் கராச்சில் கியர்ப் பெட்டிக்குச் சொன்ன விலையில் பத்திலொரு பங்குகூட ஆகவில்லை. நான்கு ஆணிகள், ஒரு சொக்கெற். பூட்ட அரை மணித்தியாலம். அதற்குப் பிறகு மூன்று நாட்கள் வாகனம் சும்மா நின்றது. இன்ன வாகனத்தில் இருக்கிறாய் என்று பெட்டிக்கு எழுத வேண்டும். முன்பிருந்த வாகனத்தின் கிளச்சுகளைப் பற்றிய நினைவை அழிக்க வேண்டும். எந்தக் கிளச்சுக்கு எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதைப் புதிதாகப் பழக்க வேண்டும். இதற்கு மடிக்கணினியோடு ஒருவர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. கைக்குள் அடங்கும் ஒரு தகரப் பெட்டிக்காக, உழவும் விதைப்பும் நெருங்கிய வேளையில் ஒரு மனிதனின் வருகையைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

வந்தவரும் அவசரக்காரர். கியர் எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதே பழக்க வேண்டும் என்பதை நான் பின்னரே அறிந்தேன். அவர் சூடு ஏறும்வரை பொறுத்தாரா என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம். ஏனென்றால், அன்று தொடங்கி இன்றுவரை, ஒவ்வொரு காலையும் முதற் பத்து நிமிடங்களுக்கு, ஒன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது ஓர் இடி இடிக்கிறது. முதல் தடவை அம்மா யாரோ பின்னால் மோதிவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தார். தேநீர்ப் பிளாஸ்க்கைக் காலுக்கிடையில் வைத்துப் பிடிக்க வீட்டில் எல்லோரும் பழகிவிட்டார்கள். எண்ணெயை மாற்றினேன், இடி தணிந்தது, போகவில்லை. கிளச்சுகள் தேய்ந்திருக்கவும் கூடும், பழியெல்லாம் அந்த மடிக்கணினிக்காரர் தலையில் போடுவது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் காலையில் இடி விழும்போது அந்த நியாயம் நினைவுக்கு வருவதில்லை.

பத்து நிமிடம் கழிந்தால் இதைவிட இனிமையான வாகனம் இல்லை. கார்த்திகை மழையில், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயற்பாதையில், பசளை மூடைகளோடு கிளச்சை மிதிக்கும் வேலையே இல்லாமல் அடி அடியாக ஏறி வருகிறது. இரவில் மாடுகள் படுத்திருக்கும் வீதியிலும், யானை நிற்குமோ என்று மெதுவாகப் போகும் இடங்களிலும் என் இடது முழங்கால் ஓய்வாக இருக்கிறது. முறிகண்டிச் சம்பவம் போன்ற ஒன்று அதன்பின் ஒரு தடவைகூட நடக்கவில்லை.

நண்பருக்கு ஒன்று சொல்லலாம்: அந்த வாகனத்தை மத்தியானத்தில் ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பார்க்க வேண்டும், விடியற்காலையிலும் உரிமையாளர் முன்கூட்டியே ஸ்ரார்ட் செய்து வைக்காத நிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும், பெட்டியைப் பழக்கியவர் யார் என்றும் கேட்க வேண்டும். என் முடிவைக் கேட்டால், வாங்க வேண்டாம், மனுவல் கியர் ஒன்றைத் தேடுங்கள் என்பேன். என்னுடையதை நல்ல விலைக்குக் கேட்டு வந்தவரைப் போன மாதம் நான் திருப்பி அனுப்பியது வேறு கதை. நம்பிக்கை வராவிட்டால் அவர் ஒரு நாள் இரவு எங்கள் வீட்டில் தங்கட்டும். காலையில் என் கெப்பிலேயே புறப்படுவோம், ஒட்டுசுட்டான் சந்தி தாண்டுவதற்குள் அவருக்கே விளங்கிவிடும்.