பூச்சிமருந்து தெளிப்போர் சான்றிதழ் பயிற்சி: அளவில் அருமை, முகக்கவசத்தில் கோட்டை விட்டார்கள்

என் பழமரங்களுக்கு நானேதான் மருந்து அடிக்கிறேன். கடும் நச்சுள்ள சில மருந்துகளைச் சான்றிதழ் உள்ளவர்களோ அவர்களின் மேற்பார்வையில் இருப்பவர்களோதான் அடிக்கலாம் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பயிற்சியில் சேர்ந்தேன்.

தெளிப்பானின் அளவு பார்க்கும் வகுப்புக்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும். 100 சதுர மீட்டருக்குக் கயிறு கட்டி, டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையிலேயே அடிக்கச் சொன்னார்கள். 4 லிட்டர் செலவானால் ஹெக்டேருக்கு 400 லிட்டர். லேபிளில் ஹெக்டேருக்கு 1 லிட்டர் மருந்து என்று இருந்தால், 16 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி போதும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது புரிகிறது. மருந்து பீச்சும் முனையான நாசில் தேய்ந்திருந்தால் இந்தக் கணக்கே தப்பிவிடும் என்பதையும், பழைய நாசிலை மாட்டி அங்கேயே அடித்துக் காட்டினார்கள்.

லேபிள் வகுப்பும் நன்று. அடித்த இடத்துக்குள் மறுபடி நுழையக் காத்திருக்கும் நேரம் வேறு, அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்கள் வேறு. இரண்டையும் குழப்பவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தலைக்கு மேலே அடிக்கும்போது கையுறையின் வாய் சட்டைக் கைக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழிகிற மருந்து நேராக உள்ளே இறங்கும். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றுவதைச் செய்தே பார்த்தோம்.

ஆனால் முகக்கவசத்துக்கு ஒரே ஒரு படம்தான். அதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். தூசி தடுக்கும் துணிக்கவசம் ஆவியைத் தடுக்காது, அதற்கு உரிய வடிகட்டி வேண்டும். கவசம் முகத்தோடு ஒட்டி உட்காராவிட்டால் ஓரத்து இடுக்கு வழியாகவே ஆவி உள்ளே போகும். வகுப்பில் அடர்ந்த தாடியோடு ஒருவர் இருந்தார். தாடி இருந்தால் கவசம் சரியாக ஒட்டாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு, "தேர்வில் அது வராது" என்று பதில் வந்தது. நுரையீரல் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு இது பதிலே அல்ல.

மற்றபடி தயங்காமல் சேரலாம். உங்கள் கவசத்தைக் கையோடு கொண்டுபோங்கள்; மாட்டிப் பார்த்துச் சரிபார்த்துத் தரும்வரை விடாதீர்கள். அப்புறம், சான்றிதழில் காலாவதித் தேதி இருக்கும். புதுப்பிக்கச் சொல்லி இவர்கள் நினைவூட்டுவதில்லை, நாமேதான் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.