ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்துவைக்க: போலீஸ் வழியா, நேரடி மனுவா?

கலிபோர்னியாவில், தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிவைக்கும் நீதிமன்ற ஆணையை ஜிவிஆர்ஓ என்பார்கள். 2014இல் ஐலா விஸ்டாவில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இயற்றப்பட்ட சட்டம். 2016 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. குடும்பத்தாருக்கு இரண்டு வழி: போலீஸ் கேட்டு வாங்கும் அவசர ஆணை, அல்லது ஜிவி-100 படிவத்தில் தாங்களே போடும் மனு. எதற்கும் கட்டணமில்லை. இரண்டிலும் முதல் ஆணை 21 நாள் வரை. விசாரணைக்குப் பின் 1 முதல் 5 ஆண்டு.

என் சாய்வு போலீஸ் வழிக்கே. ஆணை பிறந்த பிறகு துப்பாக்கி எவ்வளவு நேரம் வீட்டிலேயே கிடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். போலீஸ் அதிகாரி நள்ளிரவிலும் நீதிபதியைத் தொலைபேசியில் பிடித்து ஆணை வாங்கலாம். அதை அந்த ஆளின் கையில் கொடுத்த அதே நிமிடத்தில் துப்பாக்கி, தோட்டா, மேகசின் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடலாம். நேரடி மனுவுக்கு நீதிமன்றம் திறக்க வேண்டும். நீதிபதி கையெழுத்திட்டாலும், ஆணையைக் கொண்டுபோகும் ஷெரிஃப் (கவுண்டி போலீஸ்) போய்ச் சேரும்வரை ஆயுதம் அந்த ஆளிடம்தான். போலீஸ் அல்லாத வேறொருவர் ஆணையைக் கொடுத்தால், துப்பாக்கி வைத்திருப்பவரே 24 மணி நேரத்துக்குள் போலீஸிடமோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஆத்திரமும் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நேரம் அது. தவிர, விசாரணையில் ஆபத்தை நிரூபிக்கும் சுமை மனு போட்ட தாய் மீதோ மனைவி மீதோ விழும். சான் டியேகோ போன்ற ஊரில் போலீஸ் மனுவுக்காக நகர வழக்கறிஞர் அலுவலகமே வாதாடுகிறது.

ஆனால் தற்கொலைப் பேச்சு பேசுபவர் வாசலில் சீருடையைக் கண்டு இன்னும் கலங்கலாம். அங்கே எது மேல் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ‘உடனடி ஆபத்து இல்லை’ என்று போலீஸ் கைவிரித்தாலும் ஜிவி-100தான் கதி. அதில் ‘துப்பாக்கி வைத்திருக்கிறார்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘கறுப்பு 9 எம்எம் கைத்துப்பாக்கி, கட்டிலுக்கு வலப்பக்க இழுப்பறை’ என்று எழுதுங்கள். கடைசி 6 மாத மிரட்டல் செய்திகளைத் தேதியோடு இணையுங்கள்.

இந்த ஆணை அவர் நெருங்குவதையோ அழைப்பதையோ தடுக்காது. கணவனின் அடிக்குப் பயந்தால், குடும்ப வன்முறைத் தடை ஆணை கேட்கும் டிவி-100 என்ற வேறு மனு போட வேண்டும்.

ஒப்படைத்த ரசீது, ஜிவி-800, 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் போலீஸிடம் சொல்லுங்கள்; சோதனை வாரண்ட் கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.