எட்டு போர்ட் மேனேஜ்டு சுவிட்ச்: எல்லாம் சரி, அந்த பிவிஐடி பக்கத்தைத் தவிர

இந்த சுவிட்ச்சின் (நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி, செட்டிங்கை நாமே மாற்றலாம்) விலை குறைந்ததும் ‘இதை வாங்கலாமா’ என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும்.

கீழே ஆபீஸ், மேலே வீடு. மாடிக்குப் போவது ஒரே ஒரு கேபிள். அதற்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள்தான் வி-லேன்; எது எந்த வி-லேன் என்று எண் சொல்லும் சீட்டுதான் டேக். ஆபீஸ் வேலை டேக் இல்லாமலும், கேமரா 20, விருந்தினர் வைஃபை 30 என்று டேக் போட்டும் அதிலேயே போகின்றன. ஃபிரேமில் (கேபிளில் போகும் டேட்டா பொட்டலம்) அனுப்பும் கருவியின் மேக் முகவரிக்கு, அதாவது அதன் அடையாள எண்ணுக்கு, அடுத்து டேக்காக 4 பைட் செருகப்படுகிறது. அதில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட். 0, 4095 இரண்டையும் கழித்தால் 4094 எண்கள். மாடியில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட் 30-ஐப் பார்த்தால் விருந்தினர் வைஃபையில் விடுகிறது. இந்த வேலையில் சுவிட்ச் ஒருநாளும் சொதப்பியதில்லை. ஃபேன் இல்லை, சத்தமும் இல்லை.

இப்போது பிவிஐடி, அதாவது ஒரு போர்ட்டின் இயல்பான வி-லேன் எண். கேமராவுக்கு டேக் என்றால் என்னவென்றே தெரியாது. வெறும் ஃபிரேமைத்தான் அனுப்பும். கேமரா செருகிய 5-ம் போர்ட்டை வி-லேன் 20-ல் ‘அன்டேக்டு’ என்று சேர்த்தால் வேலை முடிந்தது என்றுதானே நினைப்போம்? அது சுவிட்ச்சிலிருந்து வெளியே போகும் ஃபிரேமுக்கு மட்டும். உள்ளே வரும் வெறும் ஃபிரேம் எந்த வி-லேனைச் சேர்ந்தது என்பதை பிவிஐடிதான் தீர்மானிக்கிறது. அது வேறொரு பக்கத்தில், யாரும் தொடாமல் 1 என்றே உட்கார்ந்திருக்கும்.

எச்சரிக்கை எதுவும் வராது. போர்ட்டை வி-லேன் 1-லிருந்து (ஆபீஸ் அதில்தான்) நீக்காமல் விட்டால் கேமரா சமர்த்தாக ஆபீஸ் ஐபி வாங்கிக்கொண்டு படமும் காட்டும். பிரித்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். நீக்கிவிட்டால் இன்னும் வேடிக்கை. அங்கே ஒரு லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள்: ஐபி கேட்டு அனுப்பியது 1-க்குள் போய்விடும், பதில் இந்தப் போர்ட்டுக்குத் திரும்பாது, ஐபி கிடைக்காமல் தானே போட்டுக்கொண்ட, 169.254 என்று தொடங்கும் முகவரியோடு பரிதாபமாக நிற்கும். சிஸ்கோ சுவிட்ச்சில் போர்ட்டை ஆக்சஸ் (ஒரே வி-லேனுக்கான போர்ட்) என்று சொல்லி எண்ணைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே மாறிவிடும். இங்கே ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டு பக்கம், இரண்டு ‘அப்ளை’, அப்புறம் தனியாக ஒரு ‘சேவ்’. அந்த ‘சேவ்’ விட்டுப்போனால் அடுத்த பவர் கட்டில் எல்லாம் பழையபடி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விருந்தினர் வி-லேனில் இருப்பவர் சுவிட்ச்சின் ஐபி வரிசையிலேயே ஒரு முகவரியைக் கையால் போட்டுக்கொண்டால், நிர்வாகப் பக்கத்தின் லாகின் அவருக்கும் திறக்கிறது. பாஸ்வேர்டு கேட்கும், சரி. ஆனால் அவர் அதுவரை வருவானேன்? எந்த வி-லேனிலிருந்து நிர்வகிக்கலாம் என்று கட்டுப்படுத்த என் மாடலில் வழியே இல்லை.

யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மாடிக்கும் ஒன்று தேவைப்படுகிறது. இதே மாடலைத்தான் ஆர்டர் போட்டிருக்கிறேன். இந்த விலைக்கு டேக் படிக்கத் தெரிந்த சுவிட்ச் வேறு கிடைத்தால் சொல்லுங்கள், கேன்சல் செய்துவிடுகிறேன்.