நாற்றங்கால் பச்சையும் 15 அடித் திரையும்: கும்பகோணத்து ஃப்ளெக்ஸ் அச்சகம் ஒன்றைப் பற்றி

மகளின் அரங்கேற்றத்துக்காக டேப்லெட்டில் நானே வரைந்த ஓவியத்தை, 15 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட மேடைப் பின்திரையாக அச்சிட, மகாமகக் குளத்துக்கு அருகே ஒரு மாடியில் இயங்கும் அச்சகத்தை நாடினேன். ஆடிப்பெருக்கன்று காவிரிப் படித்துறையில் காதோலை கருகமணி வைத்துப் படைக்கும் பெண்கள், அக்கரையில் நாற்றங்கால், இதுதான் ஓவியம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்த கோப்பை அங்கிருந்த டிசைனர் ஏற்கவில்லை. அது சுருங்கி வந்திருப்பதாகச் சொல்லி, மூலக் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவரச் செய்தார். அதுவும் 4,500 பிக்சல் அகலமே இருந்தது. 15 அடி என்பது 180 அங்குலம் என்பதால், அங்குலத்துக்கு 25 பிக்சல்தான் தேறியது. முன்வரிசை எவ்வளவு தள்ளி இருக்கும் என்று அவர் கேட்டார். 12 அடி என்றேன். அப்படியானால் அங்குலத்துக்கு 60 போதும், 300 எல்லாம் கையில் பிடித்துப் பார்க்கும் அழைப்பிதழுக்குத்தான் என்றார். மென்பொருளில் பெரிதாக்கினால் வானமும் தண்ணீரும் தாங்கும், முகங்கள் தாங்கா என்பதால், 10,800 பிக்சல் அகலத்தில் முகங்களை மட்டும் மீண்டும் வரையச் சொன்னார். எனக்கு இரண்டு இரவுகள் போயின. பலன் திரையில் தெரிந்தது.

நிறத்தில்தான் என் மனம் சற்று உடைந்தது. சிவப்பு, பச்சை, நீல ஒளியால் ஆன ஆர்ஜிபி டேப்லெட் திரையில் பளீரென்று தெரிந்த நாற்றின் இளம்பச்சை, நான்கு மைகளைக் கொண்ட சிஎம்ஒய்கே-க்கு மாறியதும் வெயிலில் வாடிய கீரைபோல் ஆகிவிட்டது. அந்தப் பச்சை மையால் எட்டக்கூடியதே அல்ல என்பதை அவர் பொறுமையாக விளக்கி, ஓரடிக்கு ஓரடி சோதனை அச்சு எடுத்துக் காட்டினார். சுற்றியிருந்த மண் நிறத்தை நான் கொஞ்சம் அடக்கியதும், அதே பச்சை மீண்டும் எழுந்து நின்றது. இரவு வானத்துக்கு நான்கு மைகளையும் முழு அளவில் கொட்டியிருந்தேன்; அப்படி அச்சிட்டால் மை உலராமல், சுருட்டும்போது ஒட்டிக்கொள்ளும் என்று குறைக்கச் செய்தார். மேடை விளக்கு கண்ணைக் கூசச் செய்யாதபடி பளபளப்பில்லாத ஃப்ளெக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான்.

தமிழ்த் தலைப்பின் எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லாததால், கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. வீட்டுக்குத் திரும்பி, எழுத்துகளை, எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக் கொண்டுவந்த பிறகே அது சரியானது.

முகூர்த்த நாள் நெருக்கடியில், சொன்னதற்கு ஒரு நாள் பிந்தித்தான் திரையைக் கொடுத்தார்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் முழுவதும் விரித்து வைத்தும் மை வாடை முற்றிலும் போகவில்லை.

ஆயினும் என் பெரிய குறை வேறு. ஒவ்வொன்றையும் இத்தனை நுணுக்கமாகப் பார்த்த டிசைனர், ஓரம் மடித்து, கயிறு கட்டும் வளையமான ஐலெட் அடிப்பதற்குச் சுற்றிலும் 2 அங்குலம் கூடுதலாக விட வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். கடைக்கோடியில் நின்ற பெண்ணின் கையிலிருந்த அகல்விளக்கு பாதி மடிப்புக்குள் போய்விட்டது. அந்த மடிப்புக்கும் சேர்த்தே சதுர அடிக் கணக்குப் போட்டிருந்தார்கள்.