தப்ரீஸ் கம்பளமும் காயல்பட்டினத்துச் சுவரும்

குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனம் நெய்யப்பட்ட ஒரு தப்ரீஸ் சுவர்க் கம்பளத்தை, ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில், 2012இல் வாங்கினேன். முதல் ஆறு ஆண்டுகள் அங்கே ஓர் அடுக்ககத்திலும், 2018 முதல் காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டிலும் அது தொங்குகிறது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் அதன் அழகை மட்டுமே எழுதியிருப்பேன். பாலைவன ஊரிலும் கடற்கரை ஊரிலும் வைத்துப் பார்த்த பிறகு, இத்தகைய கம்பளத்தின் ஆயுளை நெய்தவரின் கைத்திறனைவிட நாம் அதை மாட்டும் சுவரே தீர்மானிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஈரானில் இவ்வகையைத் 'தாப்லோ ஃபர்ஷ்' என்கிறார்கள். தரையில் விரிப்பதற்கு அன்று, படம்போல மாட்டுவதற்கென்றே இது நெய்யப்படுகிறது. அந்நாட்டின் கிழக்கு அஜர்பைஜான் மாகாணத்தின் தலைநகரான தப்ரீஸ் இதற்குப் பெயர்பெற்ற ஊர். குர்ஆன் வசனங்களோடு, இயேசுவின் இறுதி இராவுணவு போன்ற கிறித்தவக் காட்சிகளும் அங்கே நெய்யப்படுவதுண்டு. கண்ணேறு படாதிருக்கக் குர்ஆனின் 68ஆம் அத்தியாயத்தின் இறுதி இரு வசனங்களை மாட்டுவது ஈரானிய வீடுகளில் பெருவழக்கு என்பதால், கடைகளில் அவையே மிகுதியாகக் கண்ணில் படும். நான் தேடியது ஆயத்துல் குர்ஸி எனப்படும் 2ஆம் அத்தியாயத்தின் 255ஆம் வசனம்.

என்னுடையது 90 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. பாவு (நெடுக்கு இழை) பருத்தி நூல், கருநீலத் தளம் கம்பளி, எழுத்துகள் வெண்பட்டு. நெருக்கத்தைத் தப்ரீஸில் 'ரஜ்' என்ற கணக்கில் சொல்வார்கள். ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை முடிச்சுகள் விழுகின்றன என்பதே ரஜ். என்னுடையது 50 ரஜ். அப்படியானால் சதுர சென்டிமீட்டருக்கு 51 முடிச்சுகளும், கம்பளம் முழுவதற்கும் சுமார் 2,75,000 முடிச்சுகளும் வருகின்றன. நாளொன்றுக்கு 6,000 முடிச்சுகள் என்று வைத்துக்கொண்டாலும் ஒருவருக்குச் சுமார் 46 நாள் வேலை. அன்றைய என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் விலையாகக் கொடுத்தேன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின் அது மிகை என்று எனக்குத் தோன்றவில்லை.

கையால் முடிச்சிட்டதா, இயந்திரத்தில் நெய்ததா என்பதை முன்பக்கத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். திருப்பிப் பாருங்கள். கைவேலையில் எழுத்தின் வடிவம் பின்பக்கத்திலும் முடிச்சுக்கு முடிச்சு தெளிவாகத் தெரியும். வரிசைகள் சிறிது ஏறியிறங்கியிருக்கும். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாகவே இருக்கும், தனியே தைத்து ஒட்டியதாக இராது. பட்டு என்று சொல்லி விஸ்கோஸ் என்னும் செயற்கை நூலை விற்பதும் உண்டு. ஓரத்திலிருந்து ஓர் இழையைக் கேட்டு வாங்கி எரித்துப் பார்த்தால், பட்டு முடி கருகும் வாடை தரும். விஸ்கோஸ் காகிதம்போல் எரிந்துவிடும்.

வசனக் கம்பளத்துக்கு இவற்றைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. என்னோடு அறையில் தங்கியிருந்த ஹாபிழ் (குர்ஆனை மனனம் செய்தவர்) ஒருவரைக் கடைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நான் முதலில் தேர்ந்தெடுத்து, பேரம் முடித்து, பணத்தை எண்ணத் தொடங்கியிருந்த கம்பளத்தை அவர் எழுத்தெழுத்தாக ஓதிப் பார்த்து, 'பிஇத்னிஹி' என்ற சொல்லில் 'பே' எழுத்தின் கீழிருக்க வேண்டிய புள்ளி இல்லை என்று காட்டினார். இந்த நெருக்கத்தில் ஒரு புள்ளி என்பது சில முடிச்சுகள்தாம். நெய்பவரின் கவனம் ஒரு கணம் பிசகினாலும் அது தளத்தின் நிறத்துக்குள் மறைந்துவிடும். பூவேலையில் ஓர் இதழ் குறைந்தால் அழகு கெடாது. இறைவனின் சொல்லில் ஒரு புள்ளி குறைந்ததை அறிந்தே வீட்டில் மாட்டிவைக்க என் மனம் ஒப்பவில்லை. இரண்டாவதாகப் பார்த்ததையே வாங்கினேன். ஓதத் தெரிந்த ஒருவர் துணையின்றி இதை வாங்க வேண்டாம் என்பதை மிக அழுத்தமாகச் சொல்வேன்.

ஷார்ஜா வீட்டில் குளிர்சாதனம் ஓயாமல் ஓடியதால் ஈரத்தொல்லை இல்லை, வெயில்தான் கெடுத்தது. காலை வெயில் நேரே விழும் சுவரில் இரண்டு ஆண்டுகள் மாட்டியிருந்தேன். நிறம் குறைகிறது என்பது நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் நூல்முனைகளை விரலால் விலக்கிப் பார்த்தபோது, அடியில் கருநீலமும் நுனியில் சாம்பல் கலந்த நீலமுமாக இருந்தது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, ஹிஜ்ரி 946இல் (1539-40) நெய்யப்பட்ட அர்தபீல் கம்பளத்துக்கு, அதன் நிறங்களைக் காக்கும்பொருட்டு, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டுமே விளக்கேற்றுகிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். வீட்டில் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்தாலே பாதிக் கவலை தீரும்.

ஊருக்கு வந்த பிறகே உண்மையான சோதனை தொடங்கியது. சட்டமிடக் கொடுத்த இடத்தில், கண்ணாடியை நூல்முனைகளின் மேலேயே அழுந்தப் பதித்து, பின்பக்கத்தைப் ப்ளைவுட்டால் முழுக்க மூடித் தந்துவிட்டார்கள். அது தவறு என்று அன்று எனக்கும் தெரியாது. கூடத்தின் கிழக்குச் சுவரில், அதாவது கடற்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் நேரே அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டினோம். தை மாதத்தில் கண்ணாடியின் உட்புறம் வெண்மையாகப் படர்ந்திருந்ததைத் தூசி என்று நினைத்துத் திறந்தால், பூஞ்சணம். ஈரம் உள்ளே நுழைந்து, வெளியேற வழியின்றித் தங்கிவிட்டது. நிழலில் மூன்று நாள் காற்றாட விட்டு, மெல்லிய தூரிகையால் துடைத்து எடுத்ததில் நல்லவேளையாகக் கறை படியவில்லை. ஆனால் கண்ணாடி அழுத்திய இடங்களில் நூல்முனைகள் படுத்தது படுத்தபடியே இருந்து, ஓராண்டு கழித்தே ஓரளவு எழும்பின.

அதன்பின் கண்ணாடியை விலக்கிவிட்டேன். மேலோரத்தின் பின்புறம் அகலமான பருத்திப் பட்டையைத் தைத்து, அதில் வெல்க்ரோவைப் பொருத்தி, மரச்சட்டத்தில் ஒட்டி, வீட்டின் உட்சுவரில், சுவரிலிருந்து ஓர் அங்குலம் விலகியிருக்குமாறு மாட்டினேன். எடை மேலோரம் முழுவதும் பரவுவதால் ஆணியடித்த இடங்களில் இழுபட்டுத் தொய்யும் பேச்சே இல்லை. கண்ணாடியின் பளபளப்பு நீங்கியதும் பட்டெழுத்துகள் பல மடங்கு தெளிவாகத் தெரிந்தன. மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பின் விளக்கொளி மேலிருந்து விழும்போது நீலம் இருண்டு எழுத்து மட்டும் துலங்கும் அந்த நேரத்துக்காகவே இதை வாங்கலாம்.

அந்துப்பூச்சி 2021இல் வந்தது. கேடு செய்வது பறக்கும் பூச்சியன்று, இருட்டில் இருந்து கம்பளியைத் தின்னும் அதன் புழுதான். கீழ் ஓரத்தின் பின்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கம்பளி முழுவதும் போய், பருத்திப் பாவும் ஊடையும் எலும்புபோலத் தெரிந்தன. நூல்களின் மேல் மருந்து தெளிக்க விரும்பாததால், பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்க முடிவு செய்தேன். "ஆயத்து உள்ளத மீன் வச்ச பெட்டியிலயா வைக்கப் போறே?" என்று உம்மா கலங்கிவிட்டார்கள். பெட்டியைக் காலி செய்து, மூன்று முறை கழுவி, வெள்ளைத் துணி விரித்த பிறகே சம்மதித்தார்கள். பூச்சி அதன்பின் வரவில்லை.

ஓட்டையைச் சரிசெய்த ரஃபூக்காரர் ஒரு நுட்பத்தைச் சொல்லிக்கொடுத்தார். புதிய நூலை அடியில் உள்ள பழைய கருநீலத்துக்கு ஒப்பிட்டு எடுத்தால் அந்த இடம் திட்டாகத் தெரியும் என்பதால், வெளுத்த நுனியின் நிறத்துக்கே எடுத்தார். முன்பக்கம் பார்ப்பவருக்கு இன்று அந்த இடம் தெரியாது; பின்பக்கம் எனக்குத் தெரியும்.

சுவர் ஈரம் வாங்கும் வீட்டில், மாட்ட உட்சுவரும் இல்லை என்றால், இதை வாங்க வேண்டாம். செப்புத் தகட்டிலோ மரத்திலோ வசனம் பொறித்ததை வாங்குங்கள். உட்சுவர் இருந்து, ஆண்டுக்கு ஒரு நாள் இதற்கென ஒதுக்கவும் முடிந்தால், தயங்காமல் வாங்கலாம். எங்கள் வீட்டில் ரமளானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில், வெள்ளையடிப்பதற்கு முன், கம்பளத்தை இறக்கிவிடுவோம். சுத்தமான விரிப்பின் மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, தூசி உறிஞ்சியைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, புள்ளிகளையும் ஒருமுறை சரிபார்த்து, ரமளான் பிறை தெரிவதற்குள் மீண்டும் மாட்டிவிடுவோம். பருத்திப் பட்டையின் ஒரு முனையில் தையல் தளரத் தொடங்கியிருக்கிறது. வருகிற ஷஅபானில் அதை மாற்ற வேண்டும்.